சவுக்காரத் தண்ணி

"அடியே காளியாயி! இன்னிக்கும் ஊத்திட்டியாடி பாவி!"

பேச்சியம்மா போட்ட சத்தத்தில், தேயிலைத் தோட்டத்து லயத்தின் வரிசை வீடுகளில் இருந்த கோழியெல்லாம் சிதறி ஓடின.

லயத்துக்குப் பின்னால் அவள் வளர்த்த எலுமிச்சை மரத்தில், சவுக்கார நுரை சொட்டிக்கொண்டிருந்தது. பக்கத்து வீட்டுக் காளியாயி, துணி அலசிய வாளியைக் கவிழ்த்துத் தட்டிக்கொண்டு நின்றாள்.

"கை தவறிருச்சு."

"நேத்தும் தவறிச்சு, முந்தாநேத்தும் தவறிச்சு. தெனமுமாடி கை தவறும்?"

"கை தெனமும்தானே இருக்கு."

'என் நிரையில நீ ஏன் கொழுந்து ஆய்ஞ்சே' என்று போன வருஷம் தேயிலை மலையில், கொழுந்து பறிக்கும் செடி வரிசைக்காகத் தொடங்கிய சண்டை. அதற்குப் பிறகு இரண்டு பேரும் ஏசுவதற்கு மட்டும்தான் வாயைத் திறந்தார்கள்.

சண்டை கிடக்கட்டும். மரத்தை விட முடியுமா?

ஐப்பசி மழையில் பேச்சியம்மாவின் புருஷன் மாயாண்டி மலைச்சரிவில் உருண்டு, பிழைப்பானோ மாட்டானோ என்று கிடந்தான். 'அவரை எழுப்பிக் குடு தாயே, என் கையால வளத்த மரத்துப் பழத்துல மாலை கட்டிப் போடுறேன்' என்று மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். அவன் எழுந்துவிட்டான். மரம் படுத்துவிட்டது.

மாசி வெயிலில் இலையெல்லாம் வெளுத்துப் புழுதி பூசியது போலாகி, பிஞ்சு உதிர்ந்தது. கொத்மலைக் கடையில் பழம் வாங்கிக் கோத்தால் நேர்த்தி செல்லாது. 'கண்ணூறுதான், வேறென்ன' என்று பழஞ்செருப்பு ஒன்றைக் கிளையில் கட்டித் தொங்கவிட்டாள். செருப்புத் தொங்கிய மறுநாள்தான் காளியாயி வாளியோடு வந்தாள்.

"ஊரு அழுக்கெல்லாம் சாமி மரத்துலயா? ஏங்க, பீலித் தண்ணி கொண்டாங்க!"

மாயாண்டி நொண்டி நொண்டிப் போய், மலை ஊற்று விழும் பீலியில் தண்ணீர் பிடித்து வருவான். பேச்சியம்மா ஒவ்வொரு இலையாகப் புரட்டி, மேலும் கீழும் துடைத்துவிடுவாள். ஆத்தாளுக்குப் போகிற மரத்தில் அழுக்குத் தண்ணீர் ஒரு சொட்டுத் தங்கினாலும் தீட்டு அல்லவா? கை மரத்தைக் கழுவும். வாய் காளியாயியின் பரம்பரையையே கழுவும்.

சாயங்காலம் தோறும் இதே கூத்து. பேச்சியம்மாவை விட்டிருந்தால் வெள்ளைக்காரத் துரை வரைக்கும் போயிருப்பாள். மாயாண்டிதான் தடுத்து, கோயில் திருவிழாவையும் முன்நின்று நடத்துகிற தோட்டத்துச் சங்கத் தலைவர் சின்னராசாவிடம் கூட்டிப் போனான்.

தலைவர் காளியாயியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"ஏம்மா, நேர்ந்துவிட்ட மரம்னு தெரியுமில்ல?"

"தெரியும்ங்க தலைவரே."

"அப்ப வேற பக்கம் ஊத்துறதுதானே?"

"அந்தப் பக்கம்தாங்க கை போகுது."

சுற்றி நின்றவர்கள் சிரித்துவிட்டார்கள். தலைவருக்குக் கோபம் தலைக்கேறியது.

"என்ன திமிரு! இனி ஒருக்கா ஊத்திப் பாரு. திருவிழாவுல எல்லார் வாசல்லயும் நிக்கிற தேரு, உன் வாசல்ல நிக்காது!"

காளியாயியின் முகம் சுண்டிப் போயிற்று. புருஷன் அழகன் அவள் கையைப் பிடித்து இழுத்தான்.

"இனிமே செய்யமாட்டேன்னு சொல்லுடி."

அவள் சொல்லவில்லை. மறுநாளும் ஊற்றினாள்.

சித்திரையில் மழை பிடித்தது. பேச்சியம்மா பீலித் தண்ணீரோடு தயாராக நின்றாள். காளியாயி வரவில்லை. அதற்குப் பிறகு வரவேயில்லை.

மரம் பளபளவென்று தளிர் விட்டது. உதிராமல் நின்ற பிஞ்சுகள் திரண்டு உருண்டன. வைகாசித் திருவிழாவுக்கு முதல் நாள் காலையில் பேச்சியம்மா பழம் பறித்து மாலை கோத்தாள்.

கோத்து முடித்தும் மனது அடங்கவில்லை. எழுந்து நேரே காளியாயியின் வாசலில் போய் நின்றாள்.

"இந்தாடி. நாளைக்கி நான் போட்ட மாலையோட ஆத்தா உன் வாசலத் தாண்டிப் போறதுல எனக்குச் சம்மதமில்ல. உண்மையச் சொல்லு, தலைவர்கிட்ட நான் பேசுறேன். அவரு மிரட்டினப்பவே நீ நிறுத்தல. மழை வந்ததும் ஏன் நிறுத்தினே?"

அரிசி புடைத்துக்கொண்டிருந்த காளியாயி நிமிரவில்லை.

"மழைதான் கழுவுதே. அப்புறம் நான் எதுக்கு?"

"என்னத்தக் கழுவுது?"

"சிவப்புச் சிலந்திய. கண்ணுக்குத் தெரிஞ்சும் தெரியாம, எலைக்கு அடியில குந்திக்கிட்டுச் சாற உறிஞ்சுமே, அது. வெயில் காலத்துல மலையில நீயும்தானே பாக்குறே? தேயிலைக்கு வந்தா சிலந்தி, உன் மரத்துக்கு வந்தா கண்ணூறா?"

பேச்சியம்மா வாயைப் பிளந்தாள்.

"அடிப்பாவி! இத அன்னிக்கே சொல்லித் தொலைச்சிருக்கலாமில்ல?"

காளியாயி முறத்தைக் கீழே வைத்தாள்.

"நீ செருப்புக் கட்டினதே என் கண்ணுக்குத்தான்னு லயமே பேசிச்சு. நான் சொல்லி நீ கேட்டிருப்பியாக்கும்? மரத்தத் தொடத்தான் விட்டிருப்பியா? சண்டை உன்கூடத்தான்டி, உன் புருஷனுக்கு நேர்ந்த மரத்துகூட இல்ல. நான் ஊத்தினதெல்லாம் மேல்பக்கம். பூச்சி இருந்தது அடிப்பக்கம். அழுக்குத் தண்ணி பட்டாத்தானே, நீ ஒவ்வொரு எலையாப் புரட்டித் தொடச்சே!"