கந்தவேல் சம்சாரம்

“அப்பா, இங்க வாங்க. அந்தக் கல்லு இதுதான்!”

பனமரத்துப்பட்டி ஏரிக்குப் போகும் வண்டித்தடத்தில், வேலமரத்தடியில் நின்றது அந்தச் சுமைதாங்கி. நட்டு வைத்த இரண்டு கற்களின் மேல் ஒரு கல் படுத்திருந்தது. வயிற்றுப் பிள்ளையோடு இறந்துபோன பெண்ணுக்காக நடுகிற கல். அவள் இறக்காமல் கொண்டுபோன பாரத்துக்கு ஈடாக, வழியில் போகிறவர்கள் தலைச்சுமையை அதன் மேல் இறக்கி வைத்து மூச்சு வாங்கிக்கொள்ளலாம்.

ரஞ்சனி பாட்டில் தண்ணீரை ஊற்றிக் கல்லைக் கழுவினாள். அவள் அப்பா சின்னுசாமி முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாக வந்து நின்றார். குமாரபாளையத்தில் தறி ஓட்டியே தேய்ந்துபோன கால்.

அவருக்குத் தெரிந்ததெல்லாம் இவ்வளவுதான். அப்பா பேர் கந்தவேல், அம்மா பேர் பூவாத்தாள், ஊர் இந்தப் பக்கம். விவரம் தெரியாத வயதிலேயே இரண்டு பேரும் போய்ச் சேர்ந்துவிட்டார்கள். தாய்மாமன்தான் தூக்கிக்கொண்டு போய் வளர்த்தார். சாவதற்குள் ஒருமுறையாவது குலதெய்வக் கோயிலில் பங்காளிகளோடு சேர்ந்து பொங்கல் வைக்கவேண்டும் என்பது அவர் ஆசை. அதற்கு முதலில் தான் இன்னார் மகன் என்று காட்டவேண்டும். முகநூலில் யாரோ போட்டிருந்த இந்தக் கல்லின் படத்தில் ‘கந்தவேல்’ என்ற பெயரைப் பார்த்துவிட்டுத்தான் ரஞ்சனி அவரைக் கூட்டி வந்திருந்தாள்.

“உங்க காகிதத்தை வெச்சு ஒண்ணும் பண்ண முடியாதுப்பா. ஆதார்ல ஒரு தேதி, பள்ளிக்கூடத்துல ஒரு தேதி.”

“வாத்தியார் என்ன சாமி பண்ணுவாரு? கையத் தலைக்கு மேல சுத்திக் காதைத் தொடுன்னாரு. தொட்டேன். அஞ்சு வயசு ஆச்சுன்னு எழுதிட்டாரு. எங்கை கொஞ்சம் நீளம். அதனால சீக்கிரமே கெழவனாயிட்டேன்.”

“கல்லு அப்படியில்ல. யாரும் இதுல வந்து அழிச்சு எழுதியிருக்க முடியாது.”

“கொஞ்சம் தள்ளிக்குங்க அம்மணி.”

சோளத்தட்டுக் கட்டோடு வந்தவருக்கு ஐம்பது வயது இருக்கும். கட்டைச் சுமைதாங்கியின் மேல் சாய்த்துவிட்டு, துண்டால் முகத்தைத் துடைத்தார்.

“கல்வெட்டு எடுக்கறவீங்களா?”

“ஆமாங்க, அப்படித்தான்,” என்று ரஞ்சனி பேச்சை முடித்தாள்.

“எடுங்க, எடுங்க.” அவர் வேலமரத்தில் சாய்ந்து உட்கார்ந்துகொண்டார்.

எழுத்துகள் கோணல்மாணலாக இருந்தன. ரஞ்சனி விரலால் தடவித் தடவிப் படித்தாள். “சர்வதாரி வருசம்... ஐப்பசி மாசம்... கந்தவேல் சம்சாரம்... நெறமாசத்தோட தவறினதுக்கு.”

“எங்கம்மாவா!” சின்னுசாமி கல்லைத் தொட்டுக் கும்பிட்டார்.

ரஞ்சனி போனில் தட்டிப் பார்த்தாள். சர்வதாரி, 1948. அவள் முகம் மாறியது. கூட்டல் கணக்குப் போடுகிறவள்போல உதடு அசைந்தது.

“என்ன சாமி?”

“ஒண்ணுமில்லப்பா. வாங்க, போலாம்.”

“சொல்லு. இத்தன தூரம் வந்துட்டு என்ன ஒளிக்கற?”

“மாமன் தாத்தா கல்யாணப் போட்டோவுல, ஸ்டுடியோக்காரன் 1956னு அடிச்சிருக்கான். அதுல நீங்க மடியில உக்காந்திருக்கற பொடியன். நாப்பத்தெட்டுலயே கந்தவேல் சம்சாரம் தவறிட்டான்னா, நீங்க அப்போ எட்டு வயசுக்கு மேல இருக்கணும்.”

“அப்படீன்னா?”

“தாத்தா ரெண்டாந்தாரம் கட்டியிருப்பாரோ என்னவோ.”

“இல்ல. எம் மச்சான் ஒரு தாரத்தோட நின்ன மனுசன்னு மாமன் பெருமையாச் சொல்லும்.”

சின்னுசாமி கல்லிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். தொடக்கூடாததைத் தொட்டுவிட்டதுபோல அந்தக் கையை வேட்டியில் துடைத்தார்.

“பட்டறையில எல்லாரும் கேலி பண்ணுவாங்க சாமி. ‘உன்னத் தவிட்டுக்கு வாங்கியாந்தாங்கடா’ன்னு. நானும் சிரிச்சுக்குவேன். நெசமாத்தான் இருந்திருக்குது. எங்கியோ கெடந்த புள்ளையத் தூக்கியாந்து, கந்தவேல் மகன்னு மாமன் பேரு குடுத்திருக்காரு.”

“அப்பா, அப்படியெல்லாம்...”

“பொங்கலும் வேண்டாம் ஒண்ணும் வேண்டாம். யாரு ஊட்டுச் சாமியோ அது. வா, குமாரபாளையத்துக்கே போயிரலாம்.”

மரத்தடியில் இருந்தவர் எழுந்து கிட்டே வந்தார்.

“ஏனுங்க, உங்க மாமன் பேரு வெங்கடாசலங்களா?”

சின்னுசாமி திரும்பினார். “ஆமாங்க. உங்களுக்கு எப்படித் தெரியும்?”

“எங்கப்பன் சாகற மட்டும் அந்தப் பேரைச் சொல்லிச் சொல்லி, விலாசம் தெரியாம, குமாரபாளையத்துல தம்பியத் தேடிட்டு வந்தாருங்க.”

அவர் கல்லின் எழுத்துகளை மெல்லத் தடவினார்.

“சர்வதாரி அறுவது வருசத்துக்கு ஒருக்கா திரும்பி வருமுங்க அம்மணி. இது ரெண்டாயிரத்து எட்டுல வந்தது. எனக்கும் எங்க தாத்தன் பேருதானுங்க. இதுல இருக்கறது எம்பொண்டாட்டி. அவ பேரைக் கொத்தத்தான் எனக்குக் கை வரலீங்க, சித்தப்பா.”