உங்கள் வசதிப்படி

"'உன் வீட்டுக்காரர் ஒரே ஒரு வார்த்தை உறைக்கிற மாதிரி சொல்லியிருந்தா, எம் புருஷன் இன்னிக்கு உசுரோட இருந்திருப்பாரு.' இப்படி வாசல்ல நின்னு, தெருவே கேக்கச் சொல்லிட்டுப் போறா அவ! நீங்க என்னடான்னா சாவகாசமா ஷூவைக் கழட்டறீங்க!"

மனைவி கத்தக் கத்த, போர்மன் இரண்டாவது ஷூவையும் கழற்றினார்.

சலவை ஆலையில் பாய்லர் வெடித்து எட்டு நாளாகிறது. பக்கத்தில் இஸ்திரி மெஷினில் நின்றவர் ஆவியில் வெந்து, மூன்றாம் நாள் போய்ச் சேர்ந்தார். இன்று விசாரணை. பாய்லருக்குப் பொறுப்பு போர்மன்தான்.

"என்ன சொன்னாங்க?"

"நாளையிலேருந்து வர வேண்டாம்னுட்டாங்க."

"ஏனாம்? வால்வு ஒட்டிக்குதுன்னு போன மாசமே லெட்டர் கொடுத்தீங்களே! நான்தானே திருத்தித் தந்தேன்? அதை எடுத்து மூஞ்சியில வீசறதை விட்டுட்டு மரம் மாதிரி நின்னீங்களாக்கும்."

பன்னிரண்டு வருஷமாக வீட்டில் இதுதான் வழக்கம். போர்மன் தனக்குத் தெரிந்த இங்கிலீஷில் எழுதுவார். கான்வென்ட்டில் படித்த மனைவி தலையில் அடித்துக்கொண்டே சிவப்பு மையில் திருத்துவாள். அதைப் பார்த்து அவர் தன் கையால் சுத்தமாக எழுதி ஆபீசில் கொடுப்பார். திருத்திய தாளைக்கூடத் தூக்கிப் போடாமல் ஃபைலில் சேர்த்து வைப்பார்.

"வீசினது அவங்கதான்" என்று கடிதத்தின் நகலை நீட்டினார்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். வால்வில் 'டிஃபெக்ட்' இருக்கிறதாம். 'அட் யுவர் கன்வீனியன்ஸ்' மாற்றித் தர வேண்டுமாம்.

"'உங்கள் வசதிப்படின்னு நீயேதான்யா எழுதியிருக்கே. எங்களுக்கு அடுத்த மாசம்தான் வசதி'ன்னார் மேனேஜர்."

அவளுக்கு அந்தச் சாயங்காலம் ஞாபகம் வந்தது. அவர் எழுதிக்கொண்டு வந்தது நாலே வார்த்தை. 'பாய்லர் வால்வு டேஞ்சர். அர்ஜென்ட்.'

விழுந்து விழுந்து சிரித்தாள் அன்று. "டேஞ்சராம்! கரண்ட் கம்பத்துல மண்டை ஓட்டுக்குக் கீழே எழுதற வார்த்தை. 'டிஃபெக்ட்'னு நாசூக்கா எழுதணும். அதென்ன அர்ஜென்ட்? மேலதிகாரியை அதட்டறீங்களா? 'அட் யுவர் கன்வீனியன்ஸ்'னு போடுங்க."

"ரெண்டும் ஒண்ணுதானா, கான்வென்ட்?"

"ஒண்ணுதான். இதுல கொஞ்சம் மரியாதை இருக்கு."

சட்டென்று எழுந்தாள். ஃபைலை எடுத்துக் கட்டிலில் கொட்டினாள்.

"நீங்க முதல்ல எழுதின தாள் இருக்குமே! டேஞ்சர்னு உங்க கையாலேயே எழுதினது! அதைக் காட்டினா அத்தனை பேர் வாயும் அடைஞ்சு போகும். வேலையும் திரும்பக் கிடைக்கும்."

பன்னிரண்டு வருஷத்துத் தாள்கள் இருந்தன. அது மட்டும் இல்லை.

"எங்கே அது?"

போர்மன் சட்டைப்பையைத் தொட்டுக் காட்டினார். "இங்கேதான் இருக்கு. விசாரணையிலும் இங்கேதான் இருந்துச்சு."

"பையில வெச்சுக்கிட்டா வேலையை விட்டுட்டு வந்தீங்க? புத்தி கெட்டுப் போச்சா உங்களுக்கு?"

"செத்தவர் சம்சாரமும் அங்கேதான் உட்கார்ந்திருந்தது." அவர் குரல் உயரவே இல்லை. "டேஞ்சரை அடிச்சிருக்கறது சிவப்பு மை. என் இங்கிலீஷை யார் திருத்தறாங்கன்னு ஆலைக்கே தெரியும். அந்தப் பொண்ணு கேக்கறதை என்னையே கேட்டுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன்."

அவள் போய்த் தெருப்பக்கத்து ஜன்னலைச் சாத்தினாள்.

"அந்தத் தாளைக் கிழிச்சுப் போட்டுடுங்க" என்றாள், அவர் முகத்தைப் பார்க்காமல். "இப்பவே."