கார்கள் நிற்கும் இடத்தில் ஆறு வீடுகள்

திங்கட்கிழமைக் கூட்டத்தில் அந்த நாலு வரியைப் படிக்கத் தொடங்கினாலே, ஆர்விட் காப்பிக் கோப்பையோடு எழுந்து வெளியே போய்விடுவான்.

'இந்த மண்ணின் பூர்வகுடிகளை நன்றியோடு நினைவுகூர்கிறோம்' என்று தொடங்கும், கனடாவில் கூட்டங்களுக்கு முன் வழக்கமாகப் படிக்கும் வரிகள். வான்கூவர் தீவின் அந்தத் துறைமுக அலுவலகத்தில் பூர்வகுடி என்றால் வெர்னா ஒருத்திதான். அவள் முகத்துக்கு நேராகவே இப்படிச் செய்கிறானே என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள்.

வெர்னாவுக்குக் கோபமில்லை. பள்ளிக்கூடத்திலிருந்தே அவனைத் தெரியும். தவிர, அந்த வரிகள் அவளுக்கும் பிடிக்கவில்லை.

"யாருக்கோ எழுதின மாதிரி இருக்கு," என்றாள் மேலாளர் ஹெதரிடம்.

"அப்போ நீங்களே எழுதுங்களேன்."

எழுத உட்கார்ந்ததும் எல்லாம் திரும்பி வந்தது. இப்போது அலுவலகக் கார்கள் நிற்கும் இடத்தில்தான், அவள் சிறுமியாக இருந்தபோது, அவள் குடியினரின் ஆறு வீடுகள் இருந்தன. சால்மன் மீன் புகையில் காயும் வாசனை தலைமுடியிலேயே தங்கிவிடும். ஐடா அத்தை வாணலியைத் தட்டினால் போதும், யார் வீட்டுப் பிள்ளையானாலும் சாப்பிட ஓடிவரும்.

பிறகு துறைமுகத்துக்கு இடம் தேவைப்பட்டது. ஒருநாள் எல்லோரும் மீன்பிடிக்கப் போய்த் திரும்பியபோது, ஆறு வீடும் சாம்பல்.

கொளுத்தியவர் பெயரையும் எழுதினாள். கூட்டத்தன்று காலையில் அதை மட்டும் அடித்து நீக்கினாள்.

பெயர் அடிபட்டிருப்பதைப் பார்த்த ஹெதருக்கு வருத்தம். "அதுதானே முக்கியம்? எதுக்குப் பயப்படறீங்க?"

"பயமெல்லாம் இல்லை. வேணாம், அவ்வளவுதான்."

வெர்னா படிக்கத் தொடங்கினாள். வழக்கம்போல எழுந்த ஆர்விட், ஐடா அத்தை பெயர் காதில் விழுந்ததும் கதவருகிலேயே நின்றுவிட்டான்.

படித்து முடித்தாள்.

"ஒரு பேரை விட்டுட்ட, வெர்னா," என்றான் ஆர்விட்.

அவள் நிமிர்ந்து பார்த்தாள். "உனக்குத் தெரியாதுன்னு நினைச்சேன்," என்றாள் மெதுவாக.

"தெரியும். ஏதோ நீங்க குடுத்து நாங்க வாங்கிக்கிட்ட மாதிரி வாராவாரம் நன்றி சொல்றாங்க. அதைக் கேட்டுக்கிட்டு என்னால உட்கார முடியலை."

கோப்பையை மேசைமேல் வைத்தான்.

"தீ வச்சது எங்கப்பா. அந்தப் பேரையும் சேர்த்துப் படி."