சோளமாவுக் கரண்டி

மூன்று மணிக்குக் கரண்டியை அச்சிலிருந்து எடுத்தார்.

நர்ஸ் வருவது நான்கு மணிக்கு.

சின்னக் கரண்டி. ஆள்காட்டி விரல் நீளம்தான் இருக்கும். கலங்கிய கண்ணாடியின் நிறம். விளிம்பில் விரலை ஓட்டிப் பார்த்தார். பிசிறு இல்லை. லேசாக வளைத்தார். வளைந்தது. விட்டதும் நிமிர்ந்தது.

இதற்கு முந்தையது துவண்டு தொங்கியது, கிளிசரின் கூடிவிட்டது. அதற்கும் முந்தையது சருகு போல நொறுங்கியது, கிளிசரின் போதவில்லை.

சோளமாவு, தண்ணீர், வினிகர், கிளிசரின். கிண்டக் கிண்டப் பால் நிறம் போய்க் கண்ணாடி போலத் தெளியும். அந்த நேரம் பார்த்து இறக்க வேண்டும். ஆயுள் முழுக்கப் பிளாஸ்டிக் வாளி வார்க்கும் பட்டறையில் கிடந்தவருக்கு அச்சு செய்வது பெரிய காரியமில்லை. இந்தக் கலவைதான் சொன்ன பேச்சு கேட்காமல் பாடாய்ப் படுத்தியது.

மகள் போனில் சலித்துக்கொண்டாள். பசை காய்ச்சியது போதும், அம்மா பக்கத்தில் போய் உட்காருங்கள் என்றாள்.

பக்கத்தில் உட்கார்ந்துதான் எல்லாம் பார்த்தாயிற்று.

பக்கவாதம் வந்ததிலிருந்து மனைவிக்குப் பேச்சில்லை. வாயில் எது பட்டாலும் பல் கிட்டிக்கொள்ளும். எவர்சில்வர் கரண்டியில் முன்பல் ஒன்று தெறித்தது. பிளாஸ்டிக் கரண்டி உள்ளேயே உடைந்தது. துண்டுகளைத் தோண்டியெடுத்த விரலில் பல்தடம் இன்னும் ஆறவில்லை. குழந்தைகளுக்கான ரப்பர் கரண்டியின் நுனியைக் கடித்தே எடுத்துவிட்டாள். அதன்பிறகு கரண்டியைக் கண்டாலே உதட்டை இறுக்கிக்கொண்டாள்.

உடையக் கூடாது. உடைந்து உள்ளே போனாலும் ஒன்றும் ஆகக் கூடாது.

அப்படி ஒரு பொருள் அவருக்குத் தெரியும். அவளுடையதுதான்.

அறிவியல் டீச்சர் அவள். வருடா வருடம் இதே அடுப்பில் இதைக் காய்ச்சி, தட்டில் ஊற்றி உலர்த்தி, வகுப்புக்குக் கொண்டுபோவாள். வாளிக்காரன் வீட்டிலேயே பிளாஸ்டிக்குக்கு மாற்று. அவர் விடுவாரா?

"உன் மாவு வாளியில தண்ணி மொண்டா, தண்ணியோட வாளியையும் சேத்துக் குடிச்சிரலாம் டீச்சர்."

அவள் சிரிக்க மாட்டாள். குடித்தால் என்ன குறைந்துபோய்விடும் என்பாள்.

ஒருமுறை, அவள் மறந்துவிட்டுப் போன குடையைக் கொடுக்கப் பள்ளிக்குப் போனார். வகுப்பு வாசலில் நின்றுவிட்டார். உலர்த்திக் கொண்டுபோன தகட்டிலிருந்து ஒரு துண்டைப் பிய்த்து வாயில் போட்டு மென்றுகொண்டிருந்தாள். விழுங்கினாள். பிறகு வாயை அகலத் திறந்து கடைசி பெஞ்சுவரை காட்டினாள். பிள்ளைகள் கைதட்டினார்கள்.

குடையைக் கொடுக்காமலே திரும்பிவிட்டார். அன்று மாலை நனைந்துதான் வந்தாள்.

இப்போது அவளுடைய எடை இறங்கிக்கொண்டே போகிறது. இன்று நர்ஸ் வரும்போது அரைக் கிண்ணமாவது வாய்வழியாகப் போயிருக்க வேண்டும். இல்லையென்றால் நாளை மூக்கில் குழாய்.

சென்ற முறை குழாயைப் பிடுங்கிப் போட்டாள். அதனால் கையைக் கட்டிலோடு கட்டினார்கள். துணிதான், வலிக்காது என்றார்கள். அவள் கட்டைப் பார்க்கவில்லை. சும்மா நின்றுகொண்டிருந்த அவரைப் பார்த்தாள்.

ஓட்ஸ் கஞ்சியை நன்றாக ஆறவிட்டார். சூடு பட்டால் கரண்டி இளகிவிடும். கட்டிலின் தலைப்பக்கத்தை உயர்த்தி, அவள் கழுத்தடியில் துண்டு போட்டு, கரண்டியை உதட்டருகே கொண்டுபோனார்.

அவள் பார்த்தாள். கரண்டியையே பார்த்தாள். மூக்கு லேசாக விடைத்தது. எவ்வளவு உலர்த்தினாலும் போகாத வினிகர் வாடை.

வாய் திறந்தது.

பல் கிட்டியது. கரண்டி உடையவில்லை, வளைந்து கொடுத்தது. கஞ்சி மோவாயில் வழிந்தது. வழிந்தால் வழியட்டும். துடைத்துவிட்டு இன்னொரு வாய் அள்ளினார்.

மறுபடியும் திறந்தாள்.

வாசலில் மணி அடித்தது. நான்காக இன்னும் நேரம் இருந்தது.

கரண்டி அவள் பல்லிடுக்கில் இருந்தது. இழுத்தால் பழையபடி முறுக்கிக்கொள்வாள். அவளுடைய செயலிருந்த இடது கையை எடுத்துக் காம்பில் வைத்தார். பிடித்துக்கொண்டாள். இதோ வந்துட்டேன் என்று சொல்லிவிட்டு ஓடினார்.

சாவி வைத்த இடத்தில் இல்லை. அடுப்படியில், கிளிசரின் பாட்டிலுக்குப் பின்னால் ஒருவழியாகக் கிடைத்தது.

கதவைத் திறந்ததும், வாயைத் திறக்கிறா, சாப்பிடுறா, வந்து பாருங்க என்று நர்ஸைப் பையைக்கூடக் கீழே வைக்கவிடாமல் அழைத்துப் போனார்.

அவள் மென்றுகொண்டிருந்தாள்.

ஒரு பக்கத் தாடையால், நிதானமாக. விழுங்கினாள். தொண்டை ஏறி இறங்கியது. நர்ஸின் முகம் மலர்ந்தது.

அவள் இருவரையும் பார்க்கவில்லை. எதிர்ச்சுவரின் கோடிவரை பார்வையை ஓட்டி, வாயை அகலத் திறந்து காட்டினாள்.

அவருடைய இரண்டு கைகளும் தாமாக எழுந்து, சேராமல் நின்றன.

நர்ஸ் கிண்ணத்தை எடுத்துச் சாய்த்துப் பார்த்தாள்.

"கஞ்சி அப்படியே இருக்கே சார். கரண்டி எங்க?"