பதினோராவது மாடி

பழுதான லிஃப்டுக்குள் மூன்று மணி நேரம் சிக்கித் தவித்த நாளிலிருந்து, இரண்டு வருடமாகச் செண்பகலட்சுமி பதினோரு மாடியும் படியேறித்தான் வீட்டுக்குப் போனாள். "பயம் போகட்டும்னு காத்திருக்காதீங்க. பயத்தோடயே ஏறுங்க," என்றார் மனநல ஆலோசகர் ரெஜினா. முதல் வாரம் லிஃப்ட் வாசலில் நின்றுவிட்டுத் திரும்பினாள். அடுத்த வாரம், கணவன் கையைப் பிடித்துக்கொண்டு ஒரே ஒரு மாடி.

இன்று தனியாக ஏறினாள். கதவு மூடியதும், மாறிக்கொண்டே வந்த மாடி எண்களை ஒவ்வொன்றாக வாய்விட்டு எண்ணினாள். ஆறாவது மாடியில் இறங்கிவிடலாமென்று பொத்தான் வரை போன கை, தொடாமல் திரும்பியது.

பதினொன்றில் கதவு திறந்தது. காத்திருந்த கணவன், "வந்துட்டியே! இறங்கு, இறங்கு!" என்று கத்தினான்.

"நீங்க போய் டீ போடுங்க. நான் இன்னொரு தடவை போய்ட்டு வரேன்," என்று சிரித்தபடி, அவள் தரைத்தளத்துக்கான பொத்தானை அழுத்தினாள்.