விசில் இல்லாத வீடு

தெருவில் வீட்டுக்கு ஒரு விசில் கொடுத்தார்கள். சந்தேகப்படும்படி ஆள் தென்பட்டால் ஊதுங்கள், போலீசும் பொதுமக்களும் சேர்ந்து நின்றால் திருடன் எப்படி வருவான் என்று இன்ஸ்பெக்டர் பேசிவிட்டுப் போனார். சுடலைவடிவு வீட்டுக்கு மட்டும் கொடுக்கவில்லை. என்றைக்கோ சங்கிலி பறித்து ஜெயிலுக்குப் போய் வந்தவன் அவள் புருஷன். அவன் பால் வாங்கக் கிளம்பினால் ஊதினார்கள், திரும்பி வந்தால் ஊதினார்கள். கடைசியில் அவன் வாசலுக்கு வருவதையே விட்டுவிட்டான். சுவரைப் பார்த்துப் படுத்தே கிடந்தான்.

ஒரு நாள் தெருச் சங்கச் செயலாளர் வீட்டு விசிலைக் காணோம். ஏட்டை முன்னால் விட்டுக்கொண்டு தெருவே சுடலைவடிவு வாசலுக்கு வந்துவிட்டது.

"மரியாதையாச் சொல்லு. வீட்டுல விசில் இருக்கா, இல்லையா?" என்றார் ஏட்டு.

அவள் அடுப்புப் பக்கம் திரும்பிப் பார்த்தாள். "இருக்கு."

"நான் அப்பமே சொன்னம்லா" என்றாள் செயலாளர் மனைவி.

"போயி எடுத்துட்டு வா" என்றார் ஏட்டு.

உள்ளே அடுப்பில் குக்கர் சீறிக்கொண்டிருந்தது. முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டு அதன் தலையிலிருந்த விசிலைப் பிடுங்கினாள். ஆவி கூரைவரை பாய்ந்தது. படுத்திருந்தவன் எழுந்து உட்கார்ந்தான். துணியையும் மீறிச் சுட்டது. முகத்தில் எதையும் காட்டாமல், மூடிய கையோடு வாசலுக்கு வந்தாள்.

"நல்லா இறுக்கிப் புடிச்சுக்கிடுங்கய்யா. களவுப் பொருளு, கீழ போட்டுறக் கூடாது."

ஏட்டு உள்ளங்கையை விரித்து நீட்டினார்.