மாலுமி யானைக்கு ஒரு வரிசை

துண்டைக் காணோம்.

விடிந்ததும் அவன் தன் கையால் விரித்துவிட்டுப் போன துண்டு. கப்பலின் மேல்தளத்தில், நீச்சல்குளத்துப் படிக்கட்டுக்கு அருகே, கயிறு கட்டிய இடத்தில், வரிசையின் முதல் ஆளாக அது கிடந்திருக்க வேண்டும்.

இப்போது அங்கே ஒரு குடும்பம் நின்றது. அதற்குப் பின்னால் இன்னொன்று. அதற்கும் பின்னால் கப்பலில் பாதி.

கப்பல் ஊழியர் பணிவாகத்தான் சொன்னார். கேட்பாரற்றுக் கிடந்த துண்டுகள் எல்லாம் சலவைக்குப் போய்விட்டனவாம்.

இடுப்பில் இரண்டு வயது பாரியோடு நின்ற மனைவி எழிலரசி சிரிப்பை அடக்கப் பார்த்தாள். முடியவில்லை.

"ஜன்னல் வழியா துண்டு போட்டு சீட்டுப் பிடிக்க இது என்ன திருச்சி பஸ்ஸாங்க?"

அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. எப்பேர்ப்பட்ட திட்டம்!

காலைச் சாப்பாட்டு மேசையிலேயே அதை விளக்கியிருந்தான். சாம்பார்க் கிண்ணம் நீச்சல்குளம். இட்லி, பிள்ளைகளோடு படம் எடுத்துக்கொள்ள அங்கே வேஷம் கட்டி வரப்போகும் மாலுமி யானை. வடை, மதியம் பொம்மைக் கடைக்கு வரும் முயல். இரவு விருந்துக்கு வரும் கரடிக்கு உப்புக் குடுவை. அவன் விளக்கி முடிப்பதற்குள் பாரி முயலைத் தின்றுவிட்டான்.

முயலும் கரடியும் போனால் போகட்டும். யானைதான் முக்கியம்.

நான்கு வயது மகள் நறுமுகை, வீட்டில் ஓயாத வானொலி. வாசலைத் தாண்டினால் ஒரு சொல் கிடையாது. மழலையர் பள்ளியில் வருடம் முழுக்க அவள் குரலை யாரும் கேட்டதில்லை. பிள்ளைக்குப் பேச்சே வராதா என்று ஒரு சொந்தக்காரர் விசாரித்த அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை.

ஊர் திரும்பியதும் பெரிய பள்ளி.

யானை என்றால் அவளுக்கு உயிர். யானையிடம் ஒருமுறை பெயரைச் சொல்லிவிட்டால் போதும், மற்றதெல்லாம் தானாக வந்துவிடும் என்று அவன் மலைபோல் நம்பினான். தலையணை உறையைக் கையில் மாட்டி, தும்பிக்கையாக ஆட்டி, வீட்டில் ஒத்திகைகூடப் பார்த்தாயிற்று. உன் பேர் என்ன என்று தலையணை உறை கேட்கும். நறுமுகை கணீரென்று சொல்வாள்.

வரிசையின் வாலில் போய் நின்றார்கள்.

யானை கேட்டால் என்ன சொல்ல வேண்டும் என்று அவன் குனிந்து கேட்டான். அவள் கடலைப் பார்த்தாள். சற்றுப் பொறுத்து மறுபடி கேட்டான். அவள் அவன் காலுக்குப் பின்னால் போய்விட்டாள். எழிலரசி கண்ணாலேயே போதும் என்றாள். அவன் இன்னும் ஒரு தடவை கேட்டான்.

வரிசை நகர்ந்து கிட்டே போனபோதுதான் அவனுக்கு அந்த விஷயம் உறைத்தது.

யானை பேசவில்லை.

வெள்ளைத் தொப்பியும் நீலச் சட்டையுமாக நின்றது. தொந்தியைத் தட்டியது, காதை ஆட்டியது, பிள்ளைகளைக் கட்டிக்கொண்டது. வாயை மட்டும் திறக்கவே இல்லை. வேஷம் கட்டியவர்கள் பேசக் கூடாது என்பது கப்பலின் விதியாம்.

யானை கேட்டால்தானே மகள் சொல்வாள்? அவனுக்கு மனசு விட்டுப்போயிற்று.

அவர்களுக்கு முன்னால் நின்றவர் கலகலப்பான மனிதர். தன் பிள்ளைகளைப் படம் எடுத்து முடித்த பிறகும் நகரவில்லை. யானையின் தோளைத் தட்டினார்.

"என்ன யானையாரே, ஒரு வணக்கம் சொல்லுங்க. வாயில என்ன கொழுக்கட்டையா?"

வரிசை சிரித்தது. அவனும் சேர்ந்து சிரித்தான்.

யானை இரண்டு கைகளையும் விரித்துக் காட்டியது. மனிதர் விடுவதாக இல்லை. ஒரே ஒரு வார்த்தை, ஒன்றே ஒன்று என்று மறுபடி தட்டினார்.

அவன் விரலைப் பிடித்திருந்த சின்னக் கை நழுவியது.

நறுமுகை முன்னால் போனாள். யானைக்கும் அந்த மனிதருக்கும் நடுவே நின்றாள்.

"அங்கிள், அதைக் கேட்டுக்கிட்டே இருக்காதீங்க. கேட்டா அதுக்கு இன்னும் வராது."

வரிசையின் கடைசிவரை கேட்டிருக்கும். எழிலரசி அவன் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள். மனிதர், சரிம்மா தப்புதான் என்று சிரித்தபடியே விலகினார்.

யானை அவளுக்கு எதிரே மண்டியிட்டு உட்கார்ந்தது.

அவள் அதன் தும்பிக்கையைத் தடவினாள். அது அவள் தலையைத் தடவியது. யாரும் யாரையும் எதுவும் கேட்கவில்லை.

அவனுக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. கூடவே நெஞ்சில் எங்கோ சுருக்கென்றது. படம் எடுக்க மறந்தே போனான்.

நேரம் முடிந்து யானை எழுந்தது.

இந்த மாதிரி இடங்களில் அவன் எப்போதும் சொல்வது ஒன்று உண்டு. டாட்டா சொல்லு. தேங்க்ஸ் சொல்லு. சொல்லும்மா, சொல்லு.

தொண்டைவரை வந்தது.

அவளுடைய செருப்பு வார் கழன்றிருந்தது. அவன் குனிந்து அதை மாட்டிவிட்டான்.